இடது பக்கத்துச் சத்தம்

டிக்கெட் கவுன்டரில் பத்து வருடம் உட்கார்ந்தால் யாருக்கும் சந்தேகப் புத்தி வந்துவிடும். எனக்கு இரண்டாவது வருடமே வந்துவிட்டது. தீவுக்குத் தீவு போகும் கப்பல்களுக்கு போர்ட் பிளேரில் டிக்கெட் கொடுப்பது என் வேலை. இருக்கும் டிக்கெட் கொஞ்சம், வரிசையில் நிற்பது பாதி ஊர். ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருப்பார்கள். அம்மாவுக்கு நெஞ்சு வலி, தம்பிக்குப் பெண் பார்க்கிறார்கள், நாளைக்கு கோர்ட்டில் ஆஜராகாவிட்டால் வாரன்ட். இதில் எது நிஜம், எது அவிழ்த்துவிட்ட கதை என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தே சொல்லிவிடுவேன். எதிரில் இருப்பவர் பேசி முடித்ததும் நான் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருப்பேன். பொய் சொன்னவர் தானாக இன்னொரு காரணம் சேர்ப்பார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார்.

அந்தப் பொய்களை எல்லாம் எழுதி வைத்ததில் பிறந்ததுதான் எங்கள் ஆல்பம். ஒன்பது பாட்டு. ஹிப்-ஹாப் என்று சொன்னால், தங்கச் சங்கிலியும் காருமா என்று கேட்பார்கள். எங்களுடையது அந்த ரகம் இல்லை. தமிழும் எங்கள் தீவு இந்தியும் ஒரே மூச்சில் வரும். பாடுவது முப்பத்தைந்து வயதுப் பெண், அதுவும் அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவள்.

பேர் சொல்லு, வயசு சொல்லு, ஜல்தி போல்னா,
எல்லாரோட அம்மாவுக்கும் இன்னைக்கேதானா நெஞ்சு வலி?

எழுதுவதும் பாடுவதும் நான். பீட் போடுவது, பாட்டை மிக்ஸ் செய்து முடிப்பது எல்லாம் என் சிநேகிதன். பள்ளியில் கடைசி இரண்டு வருடம் ஒரே வகுப்பு. அவன் குடும்பம் தூத்துக்குடிப் பக்கம் இருந்து வந்து மாயாபந்தரில் மீன் தொழில் செய்கிறது. அவன் மட்டும் அரசு வேலைக்குப் போய், கார் நிக்கோபாரில் ஒரு ஆபீசில் ஸ்டோர் கிளார்க். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குவார்ட்டர்ஸில் ஒரு அறையில் மெத்தைகளைச் சுவரில் சாய்த்து வைத்து, அதை ஸ்டுடியோ என்பான். தகரக் கூரை மேல் மழை, இரும்புக் குத்தியில் தேங்காய் உரிக்கும் சத்தம், கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் கயிறு இறுகும் சத்தம், இதெல்லாம்தான் அவனுடைய வாத்தியங்கள்.

எங்களுக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எதுவும் கிடையாது. இரண்டே பழக்கம்தான். ஒன்று, அட்டைப்படத்தில் இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே வரும். இன்னொன்று, அவனுடைய சத்தங்கள் இடது பக்கம், நான் பின்னணியில் பாடும் துணைக் குரல்கள் வலது பக்கம், என் முதல் குரல் நடுவில். ஹெட்போன் போட்டுக் கேட்டால் ஒரு காதில் அவன், ஒரு காதில் நான். முதலில் விளையாட்டாகச் செய்தோம், பிறகு அதுவே எங்கள் அடையாளம் ஆகிவிட்டது.

கடலுக்கடியில் கேபிள் வந்துவிட்டது, நெட் பறக்கிறது என்கிறார்கள். அவன் குவார்ட்டர்ஸில் அது பறந்து நான் பார்த்ததில்லை. பெரிய ஃபைல்கள் எல்லாம் பென் டிரைவில், பென் டிரைவ் பால் பவுடர் டப்பாவில், டப்பா கப்பலில் வரும் யாராவது ஒருவர் கையில். இங்கே அது சாதாரணம். யாரும் வெறுங்கையோடு கப்பலேற முடியாது. கார் நிக்கோபாரிலிருந்து ஒருவர் போர்ட் பிளேர் வருகிறார் என்றால், இரண்டு நாள் முன்பே தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். ஒருவர் மருந்துச் சீட்டைக் கொடுப்பார், ஒருவர் பழுதான மிக்ஸியைத் தலையில் கட்டுவார், போர்ட் பிளேரில் இருப்பவர்கள் திரும்பிப் போகும்போது கொண்டுபோகக் காய்கறி வாங்கி வைப்பார்கள். ஆகவே ஒருவர் யாருக்கும் சொல்லாமல் கப்பலேறினால், அதற்கு ஒரே அர்த்தம்தான். ஏதோ மறைக்கிறார்.

முதல் மூன்று பாட்டும் ஒழுங்காக வந்தன. அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒருவர் ஊர் சுற்றிப் பார்க்க வந்தார். ஏதோ பாட்டுக் கம்பெனியில் வேலையாம். யாரோ எங்கள் பாட்டு ஒன்றைப் போட்டுக்காட்ட, என்னைத் தேடிப் பிடித்துப் பேசினார். என் குரலைப் பற்றி, நல்லாயிருக்கு என்று ஒரே வார்த்தை. பீட்டைப் பற்றி மட்டும் கால் மணி நேரம். கடைசியில், பீட் போட்டவர் நம்பர் கிடைக்குமா என்றார். கொடுத்தேன். கொடுத்த நிமிடமே, ஏன் கொடுத்தோம் என்று இருந்தது.

நான்காவது பாட்டு வந்தது. ஹெட்போனைப் போட்டால் இடது காதில் தேங்காய் உரிக்கும் சத்தம் மண்டையைப் பிளக்கிறது. வலது பக்கம் என் குரல் எங்கேயோ கிணற்றுக்குள் கிடக்கிறது. ஐந்தாவதும் அப்படியே. ஆறாவதும். அவன் தன்னை ஏற்றிக்கொண்டு என்னை அமுக்குகிறான் என்று நினைத்தேன். அந்தச் சென்னைக்காரர் ஏதோ சொல்லிக்கொடுத்திருக்கிறார், பாட்டைக் கேட்பவன் பீட்டைத்தான் கேட்க வேண்டும் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். கோபத்தில் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அவனிடம் கேட்டேனா? இல்லை. கவுன்டர் புத்தி. பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் தானாக மாட்டுவான் என்று காத்திருந்தேன். பாட்டு கிடைத்தது என்று மட்டும் பதில் போட்டேன். அவன் ஒவ்வொரு முறையும் கேட்டான், "எப்படி இருக்கு? சரியா இருக்கா?" நானும் ஒவ்வொரு முறையும், "ம், டீக் ஹை", சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

போனில் பேசும்போதும் ஒரு மாதிரி ஆகிவிட்டான். பேச ஆரம்பித்ததும், "ஒரு நிமிசம் இரு" என்பான், போன் எதிலோ உரசும் சத்தம் கேட்கும், பிறகுதான் பேசுவான். பக்கத்தில் யாரோ உட்கார்ந்து கேட்கிறார்கள், ஸ்பீக்கரில் போடுகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். அதன்பிறகு நானும் வார்த்தையை அளந்துதான் பேசினேன்.

அப்புறம் நான் செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்தேன். பயணிகள் பட்டியல் எங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. வேலைக்குத் தேவையில்லாமல் ஒருவர் பெயரைத் தேடிப் பார்ப்பது தவறு, எனக்குத் தெரியும். மத்தியானம் கவுன்டர் மூடிய நேரத்தில் அவன் பெயரை அடித்தேன். இரண்டு மாதத்தில் இரண்டு தடவை போர்ட் பிளேர் வந்திருக்கிறான். இரண்டு தடவையும் மூன்றாம் நாள் திரும்பியிருக்கிறான். எனக்கு ஒரு போன் இல்லை, ஒரு டப்பா இல்லை. மறுவாரக் கப்பலிலும் அவன் பெயர் இருந்தது.

அந்த வாரம் நான் ஜெட்டிக்கே போய் நின்றேன். கூட்டத்தோடு இறங்கி வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் ஏதோ காகிதங்கள். ஒப்பந்தப் பத்திரம், வேறென்ன! நான் ஜெட்டி வாசலுக்கு உள்ளே, அவனுக்கு இடது பக்கம் நான்கடி தள்ளி நின்றிருந்தேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். சுமைகாரர் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், அவன் பார்க்கவில்லை. நேராக நடந்து ஆட்டோவில் ஏறிப் போய்விட்டான். ஜெட்டியில் அத்தனை பேர் முன்னால் எனக்கு முகம் எரிந்தது. அதன் பிறகு எனக்குச் சந்தேகம் என்று எதுவும் மிச்சமில்லை. எல்லாமே நிச்சயம்.

சிப்பிகாட் பகுதியில் என் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒருவர் கல்யாணங்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறார். பெங்காலி, ஐம்பது வயதிருக்கும், காதாலேயே பொடி எழுத்து படிக்கிறவர் என்று பெயர். ஒன்பது பாட்டும் வந்து சேர்ந்ததும் அவரிடம் கொண்டுபோய், இரண்டு பக்கத்தையும் சமமாக்கித் தரச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"யே கிஸ்னே கியா?" யார் செய்தது என்று கேட்டார்.

"என் பார்ட்னர். வேணும்னே பண்ணியிருக்கான்," என்று இந்தியில் சொன்னேன்.

தலையை ஆட்டினார். நாலாவது பாட்டிலிருந்து ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் ஒரு பாட்டுக்குள் எங்கேயும் கூடக் குறைய இல்லை, அளந்து வைத்தது போல இருக்கிறது, ஆத்திரத்தில் செய்கிறவனுக்கு இவ்வளவு பொறுமை இருக்காது மேடம் என்றார். அப்படியானால் எவ்வளவு நாளாகத் திட்டம் போட்டிருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றியது. சமமாக்கிக் கொடுத்தார். கேட்டேன். பழைய மாதிரி ஒரு காதில் அவன், ஒரு காதில் நான். அதைக் கேட்டும் என் மனம் இளகவில்லை.

பாட்டை வெளியிட நெட்டில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் கலைஞர் பெயர் என்று ஒரு கட்டம். இரண்டு பெயர்களை முன்பே போட்டு வைத்திருந்தேன். அவன் பெயர் மேல் கர்சரைக் கொண்டுபோய், ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அட்டைப்படத்திலிருந்தும் எடுத்தேன். அவன் என்னை விற்கும் முன் நான் முந்திக்கொண்டேன் என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது. வெளியீடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று வைத்தேன்.

அவனிடம் தேதியை மட்டும் சொன்னேன். வரமாட்டான் என்று நினைத்தேன். "வாராம இருப்பனா? சனிக்கிழமக் கப்பல்ல வாரேன். என்ன கொண்டாரணும், சொல்லு," என்றான். இந்தத் தடவை மட்டும் ஊரறிய வருகிறான் பார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அக்கா வீட்டுக் கார் ஷெட்டில் ஏற்பாடு. வாடகை ஸ்பீக்கர் இரண்டு, பிளாஸ்டிக் நாற்காலி இருபது, சமோசா, டீ. என்னோடு வேலை செய்பவர்கள், அக்கா குடும்பம், பக்கத்து வீட்டார் என்று வந்திருந்தார்கள். அவன் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு, வெள்ளைச் சட்டையோடு, ஒரு குலை இளநீரோடு வந்து இறங்கினான். எல்லோரும் நடுவில் உட்கார்ந்திருக்க, அவன் நாற்காலியை இழுத்து ஓரமாகப் போட்டு, வலது தோள் ஸ்பீக்கரைப் பார்க்கும்படி உட்கார்ந்தான். மிச்சமிருந்த நாற்காலி அவனுக்கு இடது பக்கம். நான் அதில் உட்கார்ந்தேன்.

முதல் பாட்டு ஓடியது. எல்லோரும் சிரித்தார்கள், நெஞ்சு வலி வரிக்கு என் மேலதிகாரியே கை தட்டினார். இரண்டாவது, மூன்றாவது. நான்காவது பாட்டு தொடங்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது தன் சத்தம் அடங்கிவிட்டதைக் கண்டுபிடித்துத் துள்ளுவான், அதற்கு முன் நானே ஆரம்பிக்கலாம் என்று அவன் பக்கம் சாய்ந்தேன்.

"டேய், மூணு தடவ வந்துட்டுப் போயிருக்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

பதில் இல்லை. அவன் முகம் ஸ்பீக்கர் பக்கம் சிரித்தபடி இருந்தது.

"உன்கிட்டத்தான் கேக்குறேன். எவ்வளவுக்கு வித்த?"

அப்போதும் இல்லை. முழங்காலில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. எழுந்து போய் அவன் எதிரில் நின்றேன்.

"பதில் சொல்லேன்டா!"

நிமிர்ந்து பார்த்தான். "என்னது? பேசிக்கிட்டா இருந்த?" என்றான். நான் எழுந்து வந்த நாற்காலியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். கை தானாக இடது காதுக்குப் போயிற்று.

"அந்தப் பக்கம் இருந்து பேசினா எனக்குத் தெரியாது. அது போயி நாலு மாசம் ஆச்சு."

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் ஷெட்டுக்கு வெளியே வந்தோம். வந்ததும் என்னைத் தன் வலது பக்கத்துக்கு நகர்த்தி நிறுத்திக்கொண்டான். அப்புறம் சொன்னான். ஒருநாள் காலையில் எழுந்தபோது இடது காதில் பஞ்சு வைத்தது போல இருந்ததாம். தண்ணீர் புகுந்திருக்கும் என்று இருந்துவிட்டான். போகப்போகக் குறைந்துகொண்டே போயிற்று. மூன்று தடவை பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டினான். இனி திரும்பாது என்று மூன்றாவது தடவை சொல்லிவிட்டார்கள். அந்தப் பிளாஸ்டிக் கவரில் இருந்தது அந்தக் காகிதங்கள்தான்.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஆல்பத்த வேற ஆளுட்ட கொடுத்துருவியோன்னு பயந்தேன். பாதிக் காத வச்சுக்கிட்டு மிக்ஸ் போடுதவன எவன் நம்புவான்?" தரையைப் பார்த்தபடி பேசினான். "ஒண்ணு மட்டும் தைரியம். தப்பா வச்சிருந்தா நீ சொல்லிருவேன்னு. உன் காது பொல்லாத காதுல்லா? ஒவ்வொரு தடவையும் கேட்டேன். நீ டீக் ஹைன்னே சொன்ன. அப்ப இன்னும் என்னால முடியுதுன்னு சந்தோசத்துல அடுத்தத அனுப்பிட்டே இருந்தேன்."

ஷெட் சுவரில் சாய்ந்துகொண்டேன். அவன் ஒவ்வொரு முறையும் கேட்டது உண்மையான கேள்வி. நான் அதைப் பொறியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சென்னைக்காரரைப் பற்றிக் கேட்டேன். "அந்தாளா? உன் குரல் இல்லாம பீட்ட மட்டும் கேட்டான். வைடா போனன்னுட்டேன்," என்றான்.

அப்போதுதான் அவன் போனை எடுத்தான். மாயாபந்தரில் இருக்கும் அம்மாவுக்கு ஆல்பத்தின் படத்தை அனுப்ப வேண்டுமாம், காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்களாம். நான் தடுக்க வாய் எடுப்பதற்குள் அட்டைப்படம் திரையில் வந்துவிட்டது. விரலால் பெரிதாக்கினான். கீழே தள்ளிப் பார்த்தான். மேலே போனான். என் பெயர் மட்டும் இருந்தது.

வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஓ," என்றான். "காது விசயம் உனக்கு முன்னமே தெரிஞ்சுபோச்சு, அதாம் எடுத்துட்ட. சரிதான். ஒத்தக் காதுக்காரன் பேரு எதுக்கு?"

அவன் அப்படி எடுத்துக்கொள்வான் என்று நான் நினைக்கவே இல்லை. பேசாமல் இருந்திருந்தால் அதுவே என் காரணமாக நின்றிருக்கும். என் சந்தேகம் யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தனை முகங்களைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"இல்லடா," என்றேன். "காது விஷயம் எனக்கு இப்பத்தான் தெரியும். நீ திருட்டுத்தனமா ஆல்பத்த விக்கிறேன்னு நெனச்சேன். லிஸ்ட்ல உன் பேரைத் தேடினேன். ஜெட்டியில வந்து வேவு பாத்தேன். திருடன்னு நெனச்சுத்தான் உன் பேரை அழிச்சேன்."

என்னை உற்றுப் பார்த்தான்.

"நெசமா? திருடன்னா?"

"சத்தியமா."

"காதுக்காக இல்ல?"

"இல்ல."

அவன் தோள் இறங்கியது. பெரிதாக மூச்சு விட்டான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான், கண்ணில் தண்ணீர் வரும்வரை. "திருடன்னா பரவால்ல," என்றான். "திருடன்னா பரவால்ல மேடம்." நான் அழுதுவிட்டேன்.

உள்ளே போகும் முன் மெதுவாகக் கேட்டான். "பாட்டு சரியாத்தான வந்திருக்கு? நான் வச்சபடி?" ஒரு நிமிடம் யோசித்தேன். இன்றைக்கு இவனிடமிருந்து இதையும் எடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். "நீ வச்சபடியேதான்," என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்கு அந்தப் பார்வை பழக்கமானது, அந்தப் பக்கம் நின்று வாங்கித்தான் பழக்கமில்லை. "ரொம்ப நல்லா வந்திருக்கு, எல்லாரும் சொல்றாங்க," என்று சேர்த்துக்கொண்டேன்.

பெயரைத் திருத்தச் சொல்லி அன்றைக்கே எழுதினேன். சில நாளில் இரண்டு பெயரும் வந்துவிட்டன. ஆல்பத்தை உலகம் கொண்டாடியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வரிசையில் நிற்கும் ஒருசிலர், மேடம் பாட்டு கேட்டோம் என்பார்கள், டிக்கெட் கிடைக்கும் என்று நினைத்து.

இரண்டு மாதம் கழித்து ஒரு நர்ஸ் கையில் பால் பவுடர் டப்பா வந்தது. புதிய பீட். ஹெட்போன் போட்டுக் கேட்டேன். ஜெட்டிக் கயிறு, மழை, தேங்காய், எல்லாம் இருந்தன. ஆனால் எல்லாம் ஒரே இடத்தில், நட்ட நடுவில். இடது என்று ஒன்று இல்லை, வலது என்று ஒன்று இல்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிறகு போன் செய்து, அவன் காது மாற்றிக்கொள்ளும்வரை காத்திருந்தேன்.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன்," என்றேன். "அந்த ஆறு பாட்டையும் ஸ்பீக்கர்க் கடைக்காரர் சரி பண்ணினார். இடது பக்கம் ரொம்ப ஏறியிருந்துச்சு. உன்கிட்ட சொல்லல."

"தெரியும்," என்றான். "தேங்கா உரிக்க சத்தம் நான் வச்ச அளவுக்கு வரல. ஷெட்டுலயே தெரிஞ்சுபோச்சு. நீயா சொல்லுதியான்னு பாத்தேன்."

அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது.

"சரி, இப்ப சொல்லு," என்றான். "தேங்காய எங்க வைக்க?"

நான் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டேன். "இடது பக்கம் தள்ளு."

தள்ளி, அந்தச் சின்னத் துண்டை மட்டும் போனில் அனுப்பினான்.

"இவ்வளவு போதுமா?"

"இல்ல, இன்னும் கொஞ்சம்."